நுங்கம்பாக்கத்தில் கண்டெடுத்த சில்வியா

இரண்டு வருஷங்களுக்கு முன் தீபாவளி விடுமுறைக்கு நாக்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். “தாத்தா, இந்தியாவிலேர்ந்து யாராவது ஒரு அஸ்டராய்டு கண்டுபிடிச்சிருக்காளா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. “அதெல்லாம் வெள்ளைக்காரா அவா ஊர்ல உக்காந்து கண்டுபிடிச்சது” என்று சொல்லிவிட்டு, காப்பி சாப்பிடப் போய்விட்டேன்.

நான் சொன்ன பதில் பாதிதான் சரி. கண்டுபிடித்தவர் வெள்ளைக்காரர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த ஊர் நம் சென்னை. அதிலும் நுங்கம்பாக்கம். 1974 முதல் 1978 வரை அந்தப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை பார்த்தேன். தினமும் காலேஜ் ரோடு வழியாக சைக்கிளில் போவேன். அந்த வளாகத்தின் மதில் ஓரமாக நான்கு வருஷம் போய் வந்தவனுக்கு, உள்ளே என்ன நடந்தது என்று அறுபது வயதைத் தாண்டும் வரை தெரியாமல் இருந்தது. பேத்தியின் இரண்டு பக்கம் முடிந்து, அவள் ஊருக்குப் போன பிறகும் நான் விடவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதை நமது அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். இதில் நம் வீட்டுப் பஞ்சாங்க விஷயமும் ஒன்று வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிறுகோள்களின் கணக்கு

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு, இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாஸி என்ற பாதிரியார் சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். அடுத்த ஆறு வருஷங்களுக்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று இன்னும் மூன்று அகப்பட்டன. பிறகு 38 வருஷம் ஒன்றுமே இல்லை. 1845ல் ஐந்தாவது கிடைத்தது. அதன் பின் வேகம் பிடித்தது. நல்ல தொலைநோக்கிகளும் விவரமான நட்சத்திரப் படங்களும் வந்துவிட்டதே காரணம். இன்று தெரிந்திருக்கும் சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சீரிஸை மட்டும் 2006 முதல் குறுங்கோள் என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

இவற்றுக்கு வரிசை எண் உண்டு. பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டு எழுதுவது வழக்கம். 67 ஏசியா, 87 சில்வியா என்றால் அறுபத்தேழாவது, எண்பத்தேழாவது என்று அர்த்தம். பத்து லட்சத்தில் முதல் நூறுக்குள் வந்துவிட்டவை பழைய குடும்பத்து மூத்தவர்கள் மாதிரி. அந்த முதல் நூறில் மூன்று, நுங்கம்பாக்கத்திலிருந்து கண்டவை.

மதராஸ் வானாய்வுக் கூடம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த வில்லியம் பெட்ரி என்பவர் 1786ல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறிய வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792ல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் கட்டியது. கட்டடத்தை வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். கருவிகளைத் தாங்குவதற்காக நிறுத்திய கருங்கல் தூண் ஒன்று பதினைந்து அடி உயரம், பத்து டன் எடை. அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் அழியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து வெட்டியது அது.

கப்பல்களுக்கும் நில அளவைக்கும் சரியான நேரம் வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி பணம் போட்டது. பின்னாளில் ரயில் வந்தபோதும் இந்தக் கூடத்தின் கடிகாரமே துணையாயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் இந்திய நேரம் 1906ல் நடைமுறைக்கு வருமுன், இந்தியாவெங்கும் ரயில்கள் ‘மதராஸ் நேரம்’ பார்த்து ஓடின. வடக்கே பல ஊர்களில் குடியேறிய நம் பாட்டனார்கள், நுங்கம்பாக்கத்துக் கணக்கில் வந்த ரயிலில்தான் போய் இறங்கியிருக்கிறார்கள்.

1861 பிப்ரவரியில் இந்தக் கூடத்தின் பொறுப்பை ஏற்க நார்மன் ராபர்ட் போக்ஸன் என்பவர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்காரர். ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்த காலத்திலேயே மூன்று சிறுகோள்களைக் கண்டவர். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகமெங்கும் பயன்படும் அளவுகோலை 1856ல் வகுத்துக் கொடுத்தவரும் இவரே. ஐந்து படி மங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிறது. ஆகவே ஒரு படிக்கு 2.512 மடங்கு என்பது அவர் கணக்கு. வெறும் கண்ணுக்கு ஆறாம் படி வரை தெரியும்.

வந்து இரண்டு மாதம்கூட சரியாக ஆகவில்லை. ஏப்ரல் 17, சித்திரை பிறந்து சில நாட்களே ஆகியிருந்த இரவில், ஒரு புதிய சிறுகோளைப் பிடித்துவிட்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதல் சிறுகோள் அது. அதனால் ‘ஏசியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்திலும் அந்தப் பெயரில் ஒரு தேவதை உண்டு. 1864 மே 2ல் 80 சாஃபோ. 1866 மே 16ல், நான் சொல்ல வந்த 87 சில்வியா. 1868 நவம்பர் 17ல் 107 கமிலா. பிறகு நெடுநாள் கழித்து 1885 பிப்ரவரியில் 245 வேரா. ஆக மதராஸில் மட்டும் ஐந்து.

ஏட்டில் இல்லாத புள்ளி

ஒரு சிறுகோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நான் முதலில் தவறாக நினைத்திருந்தேன். தொலைநோக்கியில் பார்த்தால் கல்லாகத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. நட்சத்திரம் எப்படிப் புள்ளியாகத் தெரிகிறதோ, அப்படியேதான் இதுவும் தெரியும். ஆயிரம் புள்ளிகளில் ஒரு புள்ளி.

அன்றைக்குப் புகைப்படத் தகடு கிடையாது. முன்னமே வரைந்து வைத்த நட்சத்திரப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பது வானத்தில் இருக்கிறதா? வானத்தில் இருப்பது படத்தில் இருக்கிறதா? படத்தில் இல்லாத ஒன்று வானத்தில் அகப்பட்டால், உடனே குதிக்கக் கூடாது. படம் வரைந்தவர் விட்டிருக்கலாம். குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் இரவு திரும்பவும் பார்க்க வேண்டும். நட்சத்திரமானால் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோளானால் நகர்ந்திருக்கும். சில்வியாவின் நகர்ச்சி, நமக்கு நேரெதிரே வரும் நாட்களில், ஒரு நாளைக்குச் சந்திர வட்டத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பேரேடு ஒத்துப் பார்த்தவன் நான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஏட்டில் இல்லாத ஒரு தொகை எதிர்க் கணக்கில் நிற்கும். பாதிப் பேர் ‘எழுதும்போது விட்டுப்போயிருக்கும்’ என்று மேலே போய்விடுவார்கள். யாராவது ஒருவர்தான் நின்று, அது என்ன என்று கேட்பார்.

மே 16 என்றால் கத்திரி வெயிலின் நடுவேளை. பகலெல்லாம் காய்ந்த கட்டடம் இரவில் அனலை வெளியே விடும். கொசு உண்டு. மின்விசிறி கிடையாது. ஆனால் மழைக்காலம் போல மேகம் மறைக்காது. நான் அந்தப் பேட்டையில் நான்கு கோடைகளைக் கழித்திருக்கிறேன். மொட்டை மாடியில்கூட தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஓர் இரவில், வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கலான ஒரு புள்ளியைப் பார்த்து, இது படத்தில் இல்லையே என்று ஒருவர் நின்றிருக்கிறார்.

சில்வியா என்பவள் யார்?

போக்ஸன் வைத்த பெயர், ரோம் நகரத்தின் ஆதிக் கதையில் வரும் ரியா சில்வியாவைக் குறிப்பது. ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைப் பிள்ளைகளின் தாயார். அந்தப் பிள்ளைகளை ஆற்றில் விட்டதாகவும், ஓர் ஓநாய் பால் கொடுத்து வளர்த்ததாகவும், பிறகு அவர்களில் ரோமுலஸ் ரோம் நகரத்தை நிறுவியதாகவும் கதை. பெயர் வைக்கும்போது, இது பின்னால் எவ்வளவு பொருத்தமாகப் போகிறது என்று போக்ஸனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறுகோள் பட்டையில் பெரியவற்றுள் சில்வியாவும் ஒன்று. உருண்டை அல்ல; உருளைக்கிழங்கு மாதிரி நீண்டது. நீளவாக்கில் 350 கிலோமீட்டருக்கும் மேல். அதாவது சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகும் தூரம். குறுக்குவாக்கில் 200 கிலோமீட்டர் அளவு. இதை உருட்டிப் பந்தாக்கினால் 270 கிலோமீட்டர் விட்டம் வரும். சூரியனிலிருந்து சராசரி 52 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. பட்டையின் வெளி ஓரத்தில், வியாழனை நோக்கிய பக்கத்தில் இருக்கும் சிபெலி குழுவைச் சேர்ந்தது. ஒரு தடவை சூரியனைச் சுற்றி வர ஆறரை வருஷம். ஆனால் தன்னைத் தானே சுற்றிக்கொள்வதில் மகா வேகம்: 5 மணி 11 நிமிடத்தில் ஒரு சுற்று. இங்கே நமக்கு ஒரு பகல் ஓர் இரவு கழிவதற்குள் அங்கே நான்கு தடவைக்கு மேல் பொழுது விடிந்துவிடும்.

மேற்பரப்பு கரி போல இருண்டது. விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. இத்தனை பெரிய உருவம் இவ்வளவு மங்கலாகத் தெரிவதற்குத் தூரம் ஒரு காரணம். இந்தக் கறுப்பு மற்றொரு காரணம்.

இரட்டைப் பிள்ளைகள்

இனி 135 வருஷம் தாண்டுவோம். 2001 பிப்ரவரி 18 அன்று, ஹவாய்த் தீவில் மௌனா கியா மலை மேலுள்ள கெக் தொலைநோக்கியில் மைக்கேல் பிரௌன், ழான் லூக் மார்கோ என்ற இருவர் சில்வியாவைப் பார்த்தபோது, அதன் அருகில் ஒரு சிறிய துணைக்கோள் தெரிந்தது. சில்வியாவிலிருந்து 1,350 கிலோமீட்டர் தூரத்தில், மூன்றரை நாளுக்குச் சற்று அதிகமான காலத்தில் அதைச் சுற்றி வருகிறது. 2004 ஆகஸ்டில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்றின் மூலம் பிரான்க் மார்சிஸ் என்பவரும் பாரிஸைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் பார்த்தபோது, இரண்டாவது துணைக்கோள் ஒன்றும் அகப்பட்டது. இது 700 கிலோமீட்டர் தூரத்தில், 33 மணி நேரத்தில் சுற்றுகிறது. 2005ல் விஷயத்தை அறிவித்தார்கள். இரண்டு நிலாக்கள் உள்ள சிறுகோள் என்று உலகம் அறிந்த முதலாவது, நுங்கம்பாக்கத்தில் கண்ட சில்வியாதான்.

பெயர் வைப்பதில் அவர்களுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. தாயார் சில்வியா, ஆகவே பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ்.

நிலா இருப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் அளவைக் கண்டுபிடிக்கலாம். எடையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அதை ஒரு நிலா சுற்றினால், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்பதை வைத்து எடையைக் கணக்கிட்டுவிடலாம். நிலாதான் தராசு. அப்படிப் போட்டுப் பார்த்ததில் சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.3 முதல் 1.4 மடங்குதான் என்று வந்தது. சாதாரணக் கல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்காவது கனக்கும். ஆகவே சில்வியா ஒரே பாறை அல்ல. உள்ளே நிறைய வெற்றிடமோ பனிக்கட்டியோ இருக்க வேண்டும். எப்போதோ ஒரு பெரிய மோதலில் உடைந்து, துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே மீண்டும் ஒன்றுசேர்ந்து குவிந்தது என்றும், அப்போது சேராமல் மிஞ்சிய சிதறல்களிலிருந்தே இந்த நிலாக்கள் பிறந்தன என்றும் கருதுகிறார்கள்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. போக்ஸன் 1868ல் கண்ட கமிலாவுக்கும் 2001ல் ஒரு நிலா, 2016ல் இன்னொரு நிலா என்று இரண்டு கண்டுபிடிக்கப்பட்டன. பத்து லட்சம் சிறுகோள்களில் இரட்டை நிலா உள்ளவை என்று தெரிந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் இரண்டு, ஒரே மனிதர் ஒரே ஊரிலிருந்து இரண்டரை வருஷ இடைவெளியில் கண்டவை.

அதே கூடத்தில் இருந்த நம்மவர்

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்து, சிறு வயதிலேயே வானாய்வுக் கூடத்தில் சேர்ந்து, போக்ஸன் காலத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். சில்வியாவைப் போக்ஸன் கண்ட அடுத்த வருஷம், 1867 ஜனவரியில், தென் வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசம் கூடிக் குறைவதை ரகுநாதாச்சாரியார் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். அதுவும் ஒத்துப் பார்த்து வந்த கண்டுபிடிப்பே. முன்பு குறித்த பிரகாசமும் இப்போது தெரியும் பிரகாசமும் ஒன்றாக இல்லை என்று கண்டதுதான் விஷயம்.

1868 ஆகஸ்ட் 18ல் முழு சூரிய கிரகணம் வந்தபோது, போக்ஸன் மசூலிப்பட்டணத்துக்குப் போனார். ஹைதராபாத் சமஸ்தானத்தில் வனபர்த்திக்குப் போன குழுவுக்கு ரகுநாதாச்சாரியாரைத் தலைமை ஏற்க வைத்தார். 1872ல் லண்டனிலுள்ள ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. அதே சபை, மதராஸ் கூடத்தில் 1873 முதல் உதவியாளராக வேலை பார்த்த போக்ஸனுடைய மகள் ஐஸிஸின் பெயர் 1886ல் முன்மொழியப்பட்டபோது, பெண் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாளுக்கு 1920ல்தான் இடம் கிடைத்தது.

ரகுநாதாச்சாரியார் செய்த இன்னொரு காரியம் நமக்கு நெருக்கமானது. கூடத்தில் இரவெல்லாம் அளந்ததை, பகலில் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தார். சந்திரன் பஞ்சாங்கம் சொன்ன இடத்தில் இல்லை. அதனால் திதி முடியும் நேரம் சில மணி மாறுகிறது. கண்ணால் கண்டதற்கு ஒத்த கணிதம் வேண்டும் என்று அவர் வாதாடினார். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்கும் சித்தாந்தம் படித்த பண்டிதர்களுக்கும் புரியும்படி அதை விளக்கி எழுதிய சிறு நூல், ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் வந்தது. 1880 பிப்ரவரியில் காலமானார்.

வெள்ளைக்காரர் சகவாசத்தால் வந்த புதுமை என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் இது நம்முடைய பழைய வழிதான். கேரள தேசத்தில் வடசேரி பரமேஸ்வரன், ஐம்பது வருஷத்துக்கும் மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு விலகுகிறது என்று கண்டு, 1431ல் ‘த்ருக்கணிதம்’ என்ற நூலை எழுதினார். வாக்கிய முறையும் சாமானியமானதல்ல. சந்திரனின் நிலையை 248 வாக்கியங்களில் எழுத்தை எண்ணாக மாற்றி அடக்கிவைத்தவர்களின் புத்தியை வணங்கத்தான் வேண்டும். அவர்களும் முதலில் வானத்தைப் பார்த்துத்தான் அந்த வாக்கியங்களைச் செய்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

இவ்வளவு ஆர்வமாக நான் இதைத் தேடியதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்தில் என் தகப்பனார் திருக்கணிதம். அவர் தம்பி, என் சித்தப்பா, வாக்கியம். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த வருஷம், தாத்தாவின் சிராத்தத் திதி அபராஹ்ண காலத்தில் என்றைக்கு இருக்கிறது என்பதில் இரண்டு பஞ்சாங்கமும் ஒரு நாள் வேறுபட்டன. அதுவரை சேர்ந்தே செய்து வந்தவர்கள். பேச்சு தடித்தது. “உன் பஞ்சாங்கம் வெள்ளைக்காரன் பஞ்சாங்கம்” என்றார் சித்தப்பா. அப்பா பதிலுக்குச் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

அந்த வருஷம் ஒரே தகப்பனாருக்கு இரண்டு தெருவில் இரண்டு நாள் திவசம் நடந்தது. பாட்டி மட்டும் இரண்டு வீட்டுக்கும் போனாள். “ரெண்டு நாளும் அவருக்குத்தானேடா” என்றாள். அதற்குப் பிறகு திதி ஒத்துப்போன வருஷங்களில்கூட அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்யவில்லை. இருவரும் காலமாகிவிட்டார்கள். இனி அதைச் சரிசெய்ய யாராலும் ஆகாது.

ரகுநாதாச்சாரியாரைப் பற்றிப் படித்த அன்று இரவு, பெங்களூரில் இருக்கும் சித்தப்பா பிள்ளைக்குப் போன் செய்தேன். நுங்கம்பாக்கம், சில்வியா, சந்திர வாக்கியம் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் அவன், “அண்ணா, அப்பாவோட பஞ்சாங்கக் கட்டு பரண்ல கெடக்கு. பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாம்னு இருந்தேன்” என்றான். போடாதே, இறக்கிப் பார் என்றேன்.

பத்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கட்டில் வாக்கியப் பஞ்சாங்கங்களோடு திருக்கணிதப் பஞ்சாங்கங்களும் சேர்ந்து இருந்தனவாம், வருஷத்துக்கு ஒன்றாக. அதோடு, வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில், ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நேரே, மற்றதில் கண்ட நாழிகையைச் சித்தப்பா பென்சிலால் குறித்திருக்கிறார். எத்தனை வித்தியாசம் என்றும் பக்கத்திலேயே கழித்துப் போட்டிருக்கிறார். அண்ணனோடு சண்டை போட்ட மறு வருஷத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி வருஷம் வரை. யாரிடமும் சொன்னதில்லை. தம் முறையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஒத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் விழித்திருந்தேன்.

ஒரு வேண்டுகோள்

சென்ற முறை சென்னை போனபோது காலேஜ் ரோட்டுக்குப் போய்வந்தேன். 1899ல் வானாய்வு வேலை கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடம் இன்று இல்லை. அந்த வளாகம் இப்போது மண்டல வானிலை ஆய்வு மையம். புயல் வந்தால் தொலைக்காட்சியில் நாம் பார்ப்போமே, அதே இடம். கருங்கல் தூண் மட்டும் அங்கே நிற்கிறது. போக்ஸன் 30 வருஷம் பொறுப்பில் இருந்து, 1891ல் சென்னையிலேயே காலமானவர். பேத்திக்குத் தூணைப் படம் பிடித்து அனுப்பினேன். அவளுடைய இரண்டு பக்கத்துக்கு எப்போதோ மதிப்பெண் போட்டாகிவிட்டது. ஆனாலும் தாத்தா முதலில் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ள வேண்டும் அல்லவா?

நம் சங்கத்து அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். கிராமத்து வீட்டை விற்கும்போதும், அடுக்குமாடிக்குக் குடிபோகும்போதும், முதலில் வெளியே போவது பழைய பஞ்சாங்கக் கட்டுதான். தயவுசெய்து போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ரகுநாதாச்சாரியார் காலத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கமோ, ஓரத்தில் கைக்குறிப்பு உள்ள எந்தப் பஞ்சாங்கமோ அகப்பட்டால், தூசி தட்டி, வருஷத்தைக் குறித்து, பத்திரப்படுத்துங்கள். சங்கத்துக்கும் தெரியப்படுத்துங்கள். சித்தப்பாவின் கட்டு இப்போது என்னிடம் நாக்பூரில் இருக்கிறது. அப்பாவின் பஞ்சாங்கங்களை நான்தான் 1991ல் எடைக்குப் போட்டேன்.